கிணற்றடியில் மின் விபத்து: பயிற்சி வீட்டார் அனைவருக்கும் வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால் மோட்டார் ரூம்களின் சுவர்களில் ஓதம் ஏறிவிடும். தரை ஈரம், ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஒழுகல், கிணற்று மேட்டில் வழுக்கல். அந்த இடத்திற்குத்தான் நம் உழவர் பெருமக்கள் வெறுங்காலோடு, ஈரக் கையோடு, பெரும்பாலும் இருட்டு வேளையில் செல்கிறார்கள். தொழிற்சாலைகளில் இத்தகைய இடத்தை ஆபத்தான பகுதி என்று எழுதி வைத்து, பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விட மாட்டார்கள். நம் தோட்டத்திலோ மாட்டுக்குத் தவிடு வைக்கும் தொட்டியும், துணி துவைக்கும் கல்லும், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் குதித்து நீந்தும் கிணறும் எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய மின் இணைப்புகள் உள்ளன. விதை நேர்த்திக்கும் உர அளவுக்கும் பயிற்சி நடத்தும் நாங்கள், அந்த மோட்டார் ரூமுக்குள் எப்படி உயிரோடு போய் உயிரோடு வருவது என்பதற்கு நெடுங்காலம் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியதில்லை. இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. பயிற்சி நடத்தியவர்களில் நானும் ஒருவன்.

1998ஆம் ஆண்டு, ஈரோடு பக்கத்தில் ஒரு கிராமம். மோட்டாரில் மின் சிக்கனம் பற்றிய பயிற்சி ஒன்றை அங்கே நடத்தினேன். உராய்வு குறைந்த புட்வால்வு, பி.வி.சி. குழாய், கெபாசிட்டர் என்று படம் போட்டு விளக்கினேன். ஆண்கள் 40 பேர் வந்திருந்தனர். பத்து நாள் கழித்து, அந்தப் பயிற்சிக்கு முன்வரிசையில் அமர்ந்து கேட்ட ஒரு விவசாயி இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. மறுநாள் போனேன். இறந்தவர் ஒருவர் அல்லர், இருவர்.

நடந்தது இதுதான். புட்வால்வு ஒழுகியதால் பம்பில் தண்ணீர் நிற்கவில்லை. நம் ஊர் வழக்கப்படி அண்ணன் சாணித் தண்ணீரைக் குடத்தில் கரைத்துப் பம்பின் வாயில் ஊற்றியிருக்கிறார். சிந்திய தண்ணீர் காலடியில் நிற்கிறது. ஒரு கை குடத்தில், மறு கை தாங்கலுக்காக மோட்டார் மேல். மோட்டாருக்குள் காப்பு இழந்த சுருள் ஒன்று உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து எத்தனை மாதமாயிற்றோ தெரியாது. அண்ணன் விழுந்ததைப் பார்த்துத் தம்பி ஓடி வந்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அவ்வளவுதான்.

அண்ணனின் மனைவி கதவருகே நின்றிருக்கிறார். மெயின் சுவிட்ச் அவருக்கு மூன்று முழத்தில் இருந்தது. "எது மெயினு, எது ஸ்டார்ட்டருன்னு எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லைங்க சார். தொடாதேன்னுதான் சொல்லி வெச்சிருந்தாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எனக்கும் பேச ஒன்றும் இல்லை. நான் படம் போட்ட அந்தப் பயிற்சிக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.

மின்சாரம் கிணற்றுக்குள் இறங்கியது எப்படி?

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோவை வட்டாரத்தில் கமலை இறைவை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து மோட்டார் வந்தது. அப்போது தண்ணீர் மேலே இருந்தது, மோட்டாரும் மேலே இருந்தது. ஆனால் சாதாரணப் பம்பு தண்ணீரை உறிஞ்சும் உயரத்திற்கு ஓர் எல்லை உண்டு. காற்றழுத்தக் கணக்குப்படி அதிகபட்சம் 10.3 மீட்டர். நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டியதாயிற்று. கிணற்றுச் சுவரில் மேடை கட்டி, அதற்கும் கீழே இன்னொரு மேடை கட்டி இறக்கினார்கள். என் சிறு வயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மூன்று மேடைகள் இருந்தன. மேலிரண்டு மேடைகளும் காலியாகக் கிடக்கும். மூன்றாவதில் மோட்டார்.

இதன் விளைவு என்னவென்றால், 415 வோல்ட் மும்முனை மின்சாரம் நான்கு புறமும் நீர் கசியும் பாறைக் குழிக்குள் போய்விட்டது. சுவிட்ச் மேலே, மோட்டார் கீழே. கீழே இருப்பவர் கத்தினால் மேலே இருப்பவருக்குச் சரியாகக் கேட்காது. அதிர்ச்சி லேசானதாக இருந்தாலும் கை நழுவினால் கிணற்றுக்குள் விழுவார். இப்போது பலர் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். அதனால் கிணற்றில் இறங்கும் வேலை குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த மோட்டாரின் கேபிள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. கேபிளில் டேப் சுற்றிய ஓர் இணைப்பு ஊறிப் போனால் கிணற்று நீரிலேயே மின்சாரம் கசியும். திறந்த கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் ஓடும்போது பிள்ளைகளை நீந்த விடவே கூடாது. "இத்தனை வருசமா நீந்தறாங்களே" என்று சொல்வார்கள். இத்தனை வருடமும் இணைப்பு நன்றாக இருந்தது, அதுதான் காரணம்.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்?

இந்தக் கணக்கை ஒவ்வொரு பயிற்சியிலும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். ஓர் ஆம்பியரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். உடலில் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று தெரியும். 10 முதல் 15 வரை போனால் கைத் தசை இறுகி, பிடித்ததை விட முடியாது. 30க்கு மேல் மூச்சு திணறும். 50இலிருந்து 100 வரையிலான அளவு நெஞ்சின் வழியே சில விநாடி பாய்ந்தாலே இதயம் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே துடிதுடிக்கத் தொடங்கிவிடும். இரத்த ஓட்டம் அப்போதே நின்றுபோகும்.

நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம். ஒரு முனைக்கும் பூமிக்கும் இடையே உள்ள அழுத்தம் சுமார் 240 வோல்ட். வகுத்துப் பாருங்கள். 240 மில்லி ஆம்பியர். கொல்லப் போதுமானதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இனி பியூஸைப் பார்ப்போம். 5 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பளுவில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். தொடங்கும்போது அதைப் போல் பல மடங்கு. அதனால் 15 ஆம்பியர் அளவில் பியூஸ் போடுகிறோம். ஆள் சாக 0.1 ஆம்பியர் போதும் என்றால், 15 ஆம்பியருக்குப் போட்ட பியூஸ் ஆளை எப்படிக் காப்பாற்றும்? காப்பாற்றாது. பியூஸ் மோட்டாரையும் ஒயரையும் காப்பதற்காக ஏற்பட்டது. அதிலும் பலர் பியூஸ் கம்பிக்குப் பதிலாகக் கேபிளில் உருவிய செம்புக் கம்பியை மூன்று புரி முறுக்கிக் கட்டுகிறார்கள். அது மோட்டாரையும் காக்காது.

எர்த் இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்?

மும்முனை மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் கொடுக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளே கூறின. இப்போது நடப்பிலுள்ள ஒழுங்குமுறைகளும் எர்த்தை வற்புறுத்துகின்றன. ஆனால் தோட்டங்களில் நான் பார்ப்பது வேறு. எர்த் கம்பியைச் சுவரில் அடித்த ஆணியில் சுற்றியிருப்பார்கள். கிணற்றுச் சுவரில் செருகிய கடப்பாரையில் கட்டியிருப்பார்கள். ஓரிடத்தில் எர்த் கம்பி துணி காயப்போடும் கொடியாகவும் பயன்பட்டு வந்தது. மோட்டாரில் கசிவு ஏற்பட்டால் அந்த ஈரத் துணியை எடுக்கப் போகும் பெண்ணின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முறையான எர்த் குழி என்பது ஏறத்தாழ 40 மில்லி மீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜி.ஐ. குழாயைச் செங்குத்தாகப் புதைத்து, சுற்றிலும் கரித்துண்டும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைத்து அமைப்பது. கட்டடத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வாய்க்கால் ஓரமாக, ஈரம் காக்கும் மண்ணில் அமைத்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது.

இதெல்லாம் செய்தவருக்கும் ஷாக் அடித்ததுண்டு. "எர்த் போட்டும் அடிக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க அந்தச் செலவு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடை இதோ. சுக்கான் பூமியில் போட்ட எர்த் குழியின் தடை கோடையில் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மரின் எர்த் 4 ஓம். மொத்தம் 24 ஓம். மோட்டார் உடலில் ஒரு முனை தொட்டுவிட்டால் 240 வோல்ட்டை 24ஆல் வகுத்து 10 ஆம்பியர் பாயும். 15 ஆம்பியர் பியூஸ் எரியாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் உடலில் 10 பெருக்கல் 20, அதாவது 200 வோல்ட் நிற்கும்! குழியின் தடை 2 ஓம் ஆக இருந்தால் 40 ஆம்பியர் பாய்ந்து பியூஸ் சீக்கிரமே எரிந்துவிடும். அவ்வளவு குறைந்த தடை நம் கல்லாங்குத்துப் பூமியில் ஒரே ஒரு குழாயால் கிடைப்பது அரிது.

ஆகவே எர்த்துடன் கூட, கசிவு மின்சாரத்தைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் வேண்டும். இ.எல்.சி.பி. என்று கேட்டாலும் கடைக்காரர் இதைத்தான் கொடுப்பார். மும்முனைக்கு நான்கு முனை உள்ளதாக, 30 மில்லி ஆம்பியர் அளவில் கேட்டு வாங்க வேண்டும். போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் போனால் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் விழுந்துவிடும். அதில் உள்ள சோதனைப் பித்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே பொருத்துங்கள்.

இந்தக் கருவி பற்றி ஒரு புகார் உண்டு. பழைய மோட்டாருக்குப் போட்டால் அடிக்கடி விழுந்துவிடுகிறது, தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அடிக்கடி விழுந்தால் மோட்டாரிலோ கேபிளிலோ கசிவு இருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். காட்டைக் காக்கும் நாய் குரைக்கிறது என்பதற்காக நாயை அடித்துத் துரத்துவார்களா? மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்குக் கொடுங்கள்.

கரண்ட் இல்லாத நேரம்

பழுது பார்க்கும்போது நேரும் விபத்துகளை விசாரித்தால் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "கரண்ட் இல்லைன்னுதானுங்க தொட்டாங்க." மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில் தோட்டம் தோட்டமாக ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் வந்தது. நடுநிசியில் மின்சாரம் வந்தால் மோட்டார் தானே ஓடும். தூக்கம் கெடாமல் தண்ணீர் பாயும். நல்ல வசதிதான். ஆனால் கரண்ட் போயிருக்கிறதே என்று ஒருவர் மோட்டார் மூடியைத் திறந்து ஒயரைக் கையில் பிடித்திருக்கும் நேரத்திலும் அது வரும்.

இப்போது செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டர் வந்திருக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்தே தோட்டத்து மோட்டாரை ஓட்டுகிறார். அந்த நேரத்தில் அப்பா பம்பின் கிளாண்டுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருப்பது மகனுக்குத் தெரியுமா? இந்தக் கருவி உள்ள வீடுகளில் இன்னும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குத் தொழிற்சாலைகளில் பூட்டிப் பூட்டு போடும் முறை இருக்கிறது. சுவிட்சை அணைத்து, அதில் பூட்டு மாட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்வார். நம் தோட்டத்திற்கு அதைவிட எளிய வழி உண்டு. மெயினை அணையுங்கள். பிறகு மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை அவை உங்கள் மடியை விட்டு இறங்கக் கூடாது, சுவரோரத்தில் வைக்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுக்கவும் கூடாது. பியூஸ் உங்கள் மடியில் இருக்கும் வரை மின்வாரியமும் செல்போனும் உங்கள் மோட்டாரை ஓட்ட முடியாது. எம்.சி.பி. வகை சுவிட்ச் இருந்தால் பெட்டிக்குப் பூட்டு மாட்டிச் சாவியை வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகும் டெஸ்டரால் பார்த்துவிட்டே தொட வேண்டும். டெஸ்டரை நம்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. பியூஸைப் பிடுங்குவதற்கு முன் மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள். திரும்பவும் மின்சாரம் உள்ள இடத்தில் பாருங்கள். செத்துப்போன டெஸ்டர் எல்லா இடத்திலும் கரண்ட் இல்லை என்றுதான் சொல்லும்.

டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போய்விட்டால் நாமே போட்டுக்கொள்வது என்ற பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. ஊருக்கு ஒரு தைரியசாலி இருப்பார். அவரை அழைத்துக் கம்பத்தில் ஏற்றுவார்கள். மேலே செல்வது 11,000 வோல்ட். அங்கே கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே போதும். பயிர் ஒரு நாள் வாடினாலும் பரவாயில்லை, மின்வாரிய ஊழியர் வரும் வரை காத்திருங்கள். மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987. இதை மோட்டார் ரூம் கதவிலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள்.

கால்நடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மின்கம்பத்திலும் அதன் ஸ்டே கம்பியிலும் மாடு கட்டக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். காரணத்தைச் சொல்வதில்லை. கசிவு உள்ள இடத்தைச் சுற்றித் தரையிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். அருகில் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தூரம் அதிகம். இரண்டுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு நெஞ்சின் வழியாகவே பாய்கிறது. மனிதனுக்கு வெறும் சுருக்கென்று தெரியும் இடத்தில் எருமை விழுந்து சாவது இதனால்தான். அறுந்து கிடக்கும் கம்பிக்கு அருகில் நீங்கள் மாட்டிக்கொண்டாலும் இதையே நினைவில் வைத்து, பெரிய எட்டு வைக்காமல் பாதங்களை ஒட்ட வைத்துத் தரையோடு தேய்த்தபடி 10 மீட்டராவது விலகிச் செல்ல வேண்டும்.

காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுவது பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அது குற்றம், கொலைக்கும் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. அடுத்த நாள் அதில் அகப்படுவது பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பிள்ளையாகவும் இருக்கலாம். ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை மிகக் குறுகிய துடிப்பாக மின்சாரம் விடும் சூரிய வேலிக் கருவி வேறு, இது வேறு. அதற்கும் பதிவு செய்வதற்குத் தமிழ்நாட்டில் 2023இல் தனி விதிகள் வந்துள்ளன.

ஒருவர் அடிபட்டு விழுந்தால்

முதல் வேலை மெயினை அணைப்பது. இரண்டாவது வேலையும் அதுதான், அணைந்ததா என்று பார்ப்பது. மெயினை எட்ட முடியாவிட்டால் உலர்ந்த பலகையின் மேலோ உலர்ந்த சாக்கை நாலாக மடித்துப் போட்டோ நின்றுகொண்டு, காய்ந்த மூங்கிலாலோ பி.வி.சி. குழாயாலோ ஆளைத் தள்ளிவிட வேண்டும். நனைந்த கம்பு ஆகாது. ஈரச் செருப்பை நம்ப வேண்டாம். உயர் அழுத்தக் கம்பியாக இருந்தால் இந்த முறையும் உதவாது, விலகி நின்று மின்வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். பேச்சில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் ஆளைக் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சுக் குழிக்கு மேலே நடு நெஞ்சில் ஒரு கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கி விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது, களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். நெல் குத்திப் பழகிய பாட்டிமார்களுக்கு இந்தத் தாளம் எங்களை விட நன்றாக வருகிறது என்பதைப் பயிற்சியில் கண்டிருக்கிறேன். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆள் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இதயத்தைச் சோதிக்க வேண்டும்.

துணை மின்நிலையங்களிலும் ஆலைகளிலும் மின் அதிர்ச்சிக்கு முதலுதவி என்று ஒரு படம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய படங்களில் ஆளைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்குவதாக இருக்கும். அந்த முறை போய்விட்டது. இப்போது உலகெங்கும் கையாளும் நெஞ்சு அமுக்கும் முறையை 1960இல் வெளியிட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவில் முதன்மையானவர் வில்லியம் கௌவன்ஹோவன். அவர் டாக்டர் அல்லர், மின் பொறியாளர்! மின்கம்பத்தில் வேலை செய்தோர் அடிபட்டு இறந்ததுதான் அவரை இதய ஆராய்ச்சிக்கு இழுத்து வந்தது.

பயிற்சியை எங்கே நடத்துவது?

1998க்குப் பிறகு இந்தப் பயிற்சியை மண்டபத்தில் நடத்துவதை விட்டுவிட்டேன். மோட்டார் ரூமிலேயே நடத்துகிறோம், மாலை 5 மணிக்கு, வீட்டில் உள்ள எல்லாரையும் வைத்துக்கொண்டு. மெயினின் கைப்பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறோம். வீட்டுப் பெண்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், தோட்டத்து வேலையாட்கள் ஒவ்வொருவரும் கிணற்று மேட்டிலிருந்து ஓடி வந்து அதை அணைக்க வேண்டும். முதல் தடவை வெளிச்சத்தில், இரண்டாவது தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு. எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுகிறோம். ஓடி வரும் வழியில் ஏர்க்கலப்பையும் உர மூட்டையும் கிடப்பது அப்போதுதான் வீட்டுக்காரருக்கே தெரிகிறது. ஒரு தோட்டத்தில் மெயினுக்கு முன்னால் மருந்து தெளிக்கும் டேங்க் மாட்டியிருந்தது.

ஆண்கள் இதை முதலில் ரசிப்பதில்லை. "அவங்க கை வெச்சு எதையாச்சும் கெடுத்துருவாங்க சார்" என்பார்கள். பெண்களும் "அவியதான் பாத்துக்குவாங்க, எங்களுக்கு எதுக்குங்க" என்று பின்வாங்குவார்கள். அந்த நேரத்தில் ஈரோட்டுப் பக்கம் நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொல்வேன். அதற்குப் பிறகு யாரும் மறுப்பதில்லை.

அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ பத்து வீட்டார் சேர்ந்து கேட்டால் இத்தகைய பயிற்சிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லலாம். நாங்கள் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். சிவப்புப் பெயிண்டும் ஓட்டமும் உங்கள் வீட்டிலேயே நாளைக்குச் செய்யக்கூடியவை. எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் ஒயர்மேனை வைத்து மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு பல்லடம் பக்கம் நடந்த பயிற்சியில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி தானும் ஓடி வந்தார். வந்து சேர்ந்தார், ஆனால் கைப்பிடி எட்டவில்லை. மழைத் தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று மெயினை ஆறடி உயரத்தில் வைத்திருந்தார்கள். "சாமி, எனக்கு எட்டற மாதிரி வெச்சுக் குடுக்கச் சொல்லு, பகல்லெ தோட்டத்துலெ இருக்கறது நான் மட்டும்தான்" என்றார். மறு வாரமே அதை இறக்கி வாசல் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், ஒழுகாத இடமாகப் பார்த்து மாற்றிவிட்டார்கள்.